தாலி கட்டுனத யாருய்யா பார்த்தீங்க?

போன மாசம் ஒரு நாளு எனக்கு இருந்தது ஒரே வேலை. கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணணும்.

கல்யாணம் எப்பவோ ஆயிப்போச்சு. ஆனா எம் பொண்டாட்டி கோமதிக்கு வேல ஓசூர்ல. "கல்யாண சர்டிபிகேட்ட இந்த வாரத்துக்குள்ள குடு, ஒரகடம் பிராஞ்சுக்கு மாத்தறோம்"னு கம்பெனில சொல்லிட்டாங்க. வுட்டா அவ அங்க, நான் இங்க உத்திரமேரூர்ல. வீடியோ கால்ல தான் குடும்பம்!

கண்ணால பார்த்த சாட்சி ரெண்டு பேரு வோணுமாம்.

மண்டபம் புல்லா கூட்டம் வந்த கல்யாணம் பா! ரெண்டு பேருக்கா பஞ்சம்?

உத்திரமேரூர் பஜார்ல செல்போன் கடை வச்சிக்கினு கீற என் தோஸ்து பாபுவ இட்டுக்கினேன். தென்னேரிலேந்து தாய்மாமன வரச் சொன்னேன். லீவு போட்டு வந்த கோமதி கூட, சும்மா வேடிக்க பார்க்க எங்க அக்காவும் ஆட்டோல ஏறிக்கிச்சு.

ரெஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு மேடம். பேப்பர்லாம் கரெக்டா கீதுன்னாங்க. பேனாவ தொறந்துட்டு பாபுவ சும்மா ஒரு கேள்வி கேட்டாங்க.

"இவர் தாலி கட்டினத பார்த்தீங்களா?"

"இல்ல மேடம், நான் அப்போ பந்தில இருந்தேன்."

"டேய்!"

"இன்னாடா டேய்? கெட்டிமேளம் கேட்டுச்சு, எந்திரிக்க தான் போனேன். கரெக்டா பாயாசம் வந்துச்சு. கவர்மெண்ட் ஆபீஸ்ல பொய் சொல்லச் சொல்றியா?"

கடையில நாள் பூரா டூப்ளிகேட் சார்ஜர ஒரிஜினல்னு விக்கிறவன் பா இவன்!

சரின்னு மாமன பார்த்தேன்.

"நான் மண்டபத்துக்குள்ளயே போவல மேடம். பேனர்ல எம் போட்டோவ ஸ்டாம்பு சைஸ்ல போட்டுட்டாங்கோ. கேட்டாண்டயே நின்னுக்கினு இருந்தேன். இன்னா நைனா, ஒருத்தனாவது உள்ள வான்னு கூப்ட்டீங்களாடா?"

மேடம் பேனாவ மூடிட்டாங்க.

கோமதி என்ன மொறைக்கறா. "நல்லா தேடிப் புடிச்சிக்கினு வந்தய்யா! நான் ஓசூர்லயே கெடக்கறேன். நீ பாபு கூட குடும்பம் நடத்து."

"ஏம்மா, நீயாவது பார்த்தியா?"ன்னாங்க மேடம்.

"தலைய குனிஞ்சிக்கினு இருந்தேன் மேடம். நிமுந்தா பொண்ணுக்கு திமிருன்னு சொல்லுவாங்களே!"

மேடம் என் பக்கம் திரும்புனாங்க. "நீங்க பார்த்து தான கட்டினீங்க?"

தலைய சொறிஞ்சேன். "கேமராக்காரன் 'அண்ணே இங்க பாரு, சிரி'ன்னான் மேடம். பார்த்தேன். சிரிச்சேன்."

அப்போ தான் அக்கா எந்திரிச்சிச்சு.

"நான் பார்த்தேன் மேடம்! எங்க பக்கம் மொத முடிச்சு மாப்ள, மத்த ரெண்டு நாத்தனாரு. இந்த பேமானி கேமராவ பார்த்து இளிச்சிக்கினு கயித்த தடவிக்கினே இருந்தான். முகூர்த்தம் பூடும்னு கைய தட்டி வுட்டுட்டு மூணு முடிச்சும் நானே போட்டுட்டேன்!"

ஆபீஸே சிரிக்குது. பாபு தான் பெருசா சிரிக்கறான்.

மேடம் கண்ண தொடச்சிக்கினு, "ஒரு சாட்சி கெடச்சாச்சு. அந்த 'சிரி'ன்னு சொன்னவன கூட்டிட்டு வாங்க"ன்னாங்க.

கேமராக்காரன் ஓடியாந்து ரெண்டாவது சாட்சியா கையெழுத்து போட்டான். சர்டிபிகேட்டு வந்துச்சு. கோமதியும் ஒரகடத்துக்கு மாறிட்டா.

இப்போ வூட்ல சண்டைன்னா அவ எங்கிட்ட பேசறதே இல்ல. நேரா அக்காவுக்கு போனு. தாலி கட்டுனவங்க கிட்ட தான் பேசுவாளாம்.