புற்று வராத எலிகள்

ஓர் எலிக்காவது கட்டி வரக் கூடாதா? ஒன்றுக்கும் வரவில்லை. டாக்டர் கலியபெருமாளுக்குத் தலைவலிதான் வந்திருந்தது.

வெள்ளைக்காரர்கள் புதுச்சேரியைவிட்டுக் கப்பலேறிய கையோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஆள் தயார் செய்யும் வகுப்பு அவர் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, அவரே கேட்டு வாங்கியதுதான். தொண்டைப் புற்றில் அம்மா போனபோது, "இது ஏன்டா வந்திச்சு?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்குப் பதில் தெரியாமல் நின்ற டாக்டர் மகன் அவர். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பயில வந்தவர்கள் மூன்று பேர். மருத்துவப் படிப்பில் இப்போதுதான் கால் வைத்திருந்த ஜானகிராமன். புதிதாகப் பட்டம் வாங்கிய டாக்டர் செல்வாம்பாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் கட்டுப்போட்டே காலத்தைத் தள்ளிவிட்டு, பென்ஷன் வாங்கும் வயதில் வந்து சேர்ந்த டாக்டர் ஆந்த்ரே. பையனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அம்மாளுக்குப் புத்தகத்தில் இருப்பது மட்டும் தெரியும். பெரியவருக்கோ, எதையும் தெரிந்துகொள்ளும் உத்தேசமே கிடையாது.

பாடம் எளியதுதான். வியாழக்கிழமைதோறும் எலிகளின் முதுகில் தார் பூச வேண்டும். மாதக்கணக்கில் பூசினால் கட்டி வரும். அதை முளையிலேயே எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து மூவரும் கற்றுக்கொள்ள வேண்டும். மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது. எலிகளோ தலைதீபாவளி மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தன. கட்டி வராவிட்டால் வகுப்பை மூடிவிடுவதாக மதராஸிலிருந்து எழுதிவிட்டார்கள்.

"யாரு ஒழுங்கா பூசல?" என்றார் கலியபெருமாள்.

"நான் பட்டையா பூசறேன் சார். டாக்டரம்மாதான் பட்டும் படாம தொடறாங்க," என்றான் ஜானகிராமன்.

"நானா? ஆந்த்ரே ஐயா எலியப் புடிச்சிக்கினே தூங்கிடறாரு சார்!" என்றாள் செல்வாம்பாள்.

"நோன், நோன்! கண்ண மூடி யோசிக்கிறேன், முசியே," என்றார் ஆந்த்ரே, கண்ணைத் திறக்காமல்.

தார்தான் சரியில்லை என்று கலியபெருமாள் முடிவு செய்து, ரோடு போடுகிறவர்களிடம் கெஞ்சிக் கெட்டித் தாராக வாங்கிவந்தார். ஜானகிராமனின் சட்டை போயிற்று. ஆந்த்ரேயின் கால்சட்டை முக்காலியோடு ஒட்டிக்கொள்ள, துணியை வெட்டித்தான் அவரை எழுப்ப வேண்டியிருந்தது. அடுத்த வாரம் பார்த்தால் எலிகள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

கடைசியில், மூவரையும் ஒதுக்கிவிட்டுத் தானே பூச ஆரம்பித்தார். அப்போதும் கட்டி வரவில்லை. இப்போது திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. அந்த அறையில் சொன்ன வேலையைச் செய்கிறவள், கூண்டு சுத்தம் செய்யும் வைத்திக்குப்பத்து வீராயி ஒருத்திதான் என்று அலுத்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல், இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டு மதராஸுக்கு எழுதினார். அவகாசம் வரவில்லை. அந்த மாதமே ஒரு புதன்கிழமை மதராஸிலிருந்து பரிசோதகரே வந்து இறங்கிவிட்டார்.

அவர் ஒவ்வொரு எலியையும் வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"நெஜமா வாராவாரம் பூசினீங்களா?"

"நெஜமா சார். இப்ப என் கையாலயே பூசறேன்." மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான் என்று கலியபெருமாள் நினைத்துக்கொண்டார்.

பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டாக்டர்! இத்தன மாசம் தார் பூசியும் ஒண்ணுக்குக்கூட வரலன்னா, இதுங்க ரத்தத்துல புற்றைத் தடுக்கிற ஏதோ இருக்கு. ஒலகமே இதத்தானே தேடுது! எலிங்கள இப்பவே மதராஸுக்கு எடுத்துட்டுப் போறேன். ஒங்ககிட்ட படிக்கிற மூணு பேருக்கும் அங்க எடம். நீங்க பாரீஸ் மாநாட்டுல கட்டுரை படிக்கிறீங்க."

"பாரீசா?" ஆந்த்ரே அந்த வருடத்தில் முதல்முறையாக முழுசாக விழித்துக்கொண்டார்.

செல்வாம்பாள் ஜானகிராமனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கலியபெருமாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா இருந்திருந்தால் என்று நினைத்தார். இத்தனை நாள் அலைச்சலும் அலுப்பும் ஒரு நிமிடத்தில் இறங்கிப்போன மாதிரி இருந்தது. பரிசோதகர் அப்போதே டெல்லிக்குத் தந்தி எழுதிக் கொடுத்தனுப்பினார்.

எலிக்கூண்டுகளைக் காரில் ஏற்றிவிட்டு வந்த வீராயி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிசோதகர் முன்னால் வந்து நின்றாள்.

"எசமான், புது எடத்துக்குப் போவுதுங்க, அங்க இருக்கறவங்ககிட்ட மறக்காம சொல்லிடுங்க: பொட்ட எலிக்கு வெள்ளிக்கெழம, ஆண் எலிக்கு சனிக்கெழம, எண்ண தேச்சு சீயக்கா போட்டு, மேல அப்பியிருக்கற தாரு சுத்தமா போவற வரைக்கும் வெந்நி ஊத்தணும், நான் ஒரு வாரங்கூட உட்டதில்ல!"