பெர்னார்ட் கிராணிக்கு ஏற்ற குதிரை

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெர்னார்ட் கிராணி ஏறி உட்கார்ந்ததும் குதிரை திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. அவர் கால்கள் தரையைத் தொட இரண்டு விரற்கடைதான் பாக்கி.

“பாய், இது குதிரையா, ஆட்டுக்குட்டியா?”

“மட்டக்குதிரை தம்பி. வண்டியிழுத்த உடம்பு. பார்க்கத்தான் குள்ளம்,” என்றார் சூலியா தெருவில் குதிரை வாடகைக்கு விடும் ஷேக் அலாவுதீன்.

“பெரிசா ஒண்ணு குடுங்கலா. ஆளுக்கேத்த குதிரை வேணாமா? இதெல்லாம் எனக்கு அத்துப்படி.”

அத்துப்படி ஆகாத விஷயமே அவருக்குக் கிடையாது, பாவம்.

பட்டர்வொர்த்திலிருந்து சுங்கை பாக்காப் வரை போய்த் திரும்பும் நாற்பது மைல் குதிரைப் பந்தயத்துக்காகத்தான் இந்தத் தேடல். குதிரை நொண்டாமல், முதுகு புண்ணாகாமல் திரும்பினால்தான் செல்லும். முதலில் வரும் கிராணிக்குப் புதுத் தோட்டத்தில் பெரிய கிராணி வேலையும் தனி வீடும் தருவதாகத் தோட்டத் துரை சொல்லியிருந்தார். மாமியாரோடு ஒரே அடுப்பில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனைவி டோரதிக்கு அந்த வீட்டின் மேல் உயிர்.

மறுநாள் ரேஸில் ஓடி ஓய்ந்த ஓர் ஆஸ்திரேலியக் குதிரை வந்தது. ஏறுவதற்கே முக்காலி வேண்டியிருந்தது. ஆயர் ஈத்தாம் வரை போய் வந்ததும் அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

“ஐயோ, என் குதிரை!” என்று தலையில் கைவைத்தார் அலாவுதீன்.

“நான் அப்பவே சொல்லலை? உயரத்தைப் பார்த்து எடுக்கக்கூடாது பாய். காலெலும்பு கனமா இருக்கணும், முதுகு குட்டையா இருக்கணும்.”

“எப்ப சொன்னீங்க?”

“அந்த மட்டக்குதிரையைக் கொண்டாங்க.”

மட்டக்குதிரை திரும்பி வந்தது. அவருடைய பருத்த உடம்பைச் சுமந்து ஒரு மைல் போவதற்குள் அதற்கு நுரை தள்ளியது. பெர்னார்ட் அசரவில்லை. குதிரையை மாற்றிப் பயனில்லை, ஆளைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவு கட்டினார்.

அன்றிலிருந்து காலையில் சீனி போடாத கோப்பி, மதியம் வெள்ளரிக்காய். சோற்றுக்கடைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

“என்னங்க, கால்சட்டை இடுப்புல நிக்கலையே!”

“உனக்கு வீடு வேணுமா, கால்சட்டை வேணுமா?”

“ரெண்டும் வேணும்லா!”

உடம்பு இளைக்க, பழைய பெரிய சேணத்தில் அவர் உருளத் தொடங்கினார். அதனால் ஜாக்கிகள் போடும் சின்னச் சேணத்துக்கு மாறினார். கனம் குறைந்தது, ஆனால் தொடை இரண்டும் கொப்பளித்தன. கோயிலில் முழங்கால் போட முடியாமல் பூசை முழுக்க நின்றுகொண்டே இருந்தார். பாதிரியார் அதைப் பக்தி என்று நினைத்துப் பாராட்டினார்.

பந்தயத்தன்று முப்பது ராத்தல் இளைத்திருந்தார். மட்டக்குதிரை துள்ளியது. மற்றவர்களின் சேணங்களில் மூட்டைகள் தொங்குவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இத்தனை பாரத்தோட எங்க போறானுங்க? டோரதி, வீட்டுக்குத் திரைச்சீலை தச்சு வை!”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தராசில் ஏறினார். எடை பார்த்த நல்லமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“என்ன அண்ணே, பாதி ஆளைக் காணோம்? மூணு மாசம் முன்னாடி பேர் குடுத்தீங்களே, அப்ப இருந்த உங்க எடையைத்தான் துரை எல்லாருக்கும் அளவா வச்சிருக்காரு, கனமான ஆளுக்கு அநியாயம் ஆகக்கூடாதுன்னு. குறையுற முப்பது ராத்தலுக்கு இந்தாங்க, மணல் மூட்டை!”