எண்டார்ஃபின் நம்பிராஜன்

அடுத்தவர் வலிக்கு விளக்கம் சொல்பவர்கள் என்றோர் இனம் தென்காசி வட்டாரத்தில் செழித்து வளர்கிறது. பார்த்திருப்பீர்கள். நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் ‘உட்காருங்கள்’ என்று சொல்லமாட்டார்கள்; மூளையைப் பற்றிச் சொல்வார்கள்.

எங்கள் இலஞ்சி நம்பிராஜன் அண்ணாச்சி இந்த இனத்தில் முதல் தரம். மின்சார அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கைபேசியில் ஒரு காணொளி பார்த்தார். அன்றிலிருந்து பல்வலியோ, கழுத்துப் பிடிப்போ, மருமகளோடு மனஸ்தாபமோ, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான்.

“மூளையே வலிமருந்து செய்யுது வேய். எண்டார்ஃபின்னு பேரு. அருவியில தலையைக் கொடும், தானா சுரக்கும்!”

அவர் மனைவி முத்துவடிவுக்கு இரண்டு வருடமாக முழங்கால் வலி. டாக்டரிடம் போகலாமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஐந்தருவிக்குத்தான் ஆட்டோ வந்தது.

போன சாரல் பருவத்தில் அண்ணாச்சி அருவிக்கரைப் பாசிப் பாறையில் வழுக்கி விழுந்தார். எழுந்தால், மணிக்கட்டு கோணிக்கொண்டு நிற்கிறது. கூடப் போன நான் பதறினேன். அவர் முகத்திலோ பேரானந்தம்.

“வலியே இல்ல, பாத்தியளா! எண்டார்ஃபின்!”

குளிக்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கையைக் காட்டிப் பிரசங்கம் செய்தார். பத்து நிமிடம் ஓடியது. பதினோராவது நிமிடத்தில் அவர் போட்ட கூச்சலில் குரங்குகள் மரம் மாறின.

தென்காசியில் டாக்டர் சுஜிதா எலும்பு முறிவு என்றார்.

“ஊசி போடுங்கம்மா! எண்டார்ஃபின் வந்துச்சே, எங்கன போச்சு?”

“வந்தது நெசந்தான், அண்ணாச்சி. கொஞ்ச நேரத்துல அடங்கிடும். அது ஒரு சாவி மாதிரி. பூட்டு மூளையில பல இடத்துல இருக்கு. நடுமூளையில தொறந்தா வலி அமுங்கும். இன்னொரு இடத்துல தொறந்தா சுகமா இருக்கும். டைனார்ஃபின்னு வேறொரு சாவி இருக்கு. அது தொறக்குத பூட்டு மனசையே கசப்பாக்கிடும். ஆனா எலும்பை ஒட்டவைக்குத சாவி இதுல ஒண்ணும் கிடையாது.”

துணைக்கு வந்திருந்த முத்துவடிவுதான் வாய் திறந்தாள்.

“அப்ப முட்டிக்கும் கிடையாதுதானேம்மா? ரெண்டு வருசமா குளிக்கேன். இவுகளுக்குக் கட்டுப் போட்டுட்டு என் காலையும் பாருங்க.”

எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மூட்டு நன்றாகத் தேய்ந்திருந்தது. “இவ்வளவு நாள் எப்படித் தாங்குனீங்க?” என்றார் டாக்டர். முத்துவடிவு கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். வெளியே வரும்போது, நல்ல கையால் அவளைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். டைனார்ஃபின் என்ற சொல்லைப் படித்ததுமே, இதை யாரிடம் எடுத்துவிடலாம் என்று ஒரு முகம் தோன்றியதா? அந்த முகத்துக்கு உரியவரிடம், எங்கே வலிக்கிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?