பெண் பார்க்கப் போன இடத்தில் யானை பிளிறியது

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணனூரில் மைக் செட் வைத்திருந்தேன். (ஊருக்கே சத்தம் கொடுத்தவன்தான். என்னைப் பேசச் சொன்னால் மட்டும் சத்தம் வராது.) ஆவடி குவார்ட்டர்ஸில் மல்லிகாவைப் பெண் பார்க்க, அக்காவோடு போனேன். பெண்ணின் அண்ணனுக்கு என் படிப்பு பிடிக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. (அதை மட்டும் பிழையில்லாமல் படித்துவிட்டேன்.)

கூடத்தில் அவருடைய புதுக் கம்ப்யூட்டர். திரையில் ஒரு யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. குழந்தைகளுக்கான மிருகங்கள் சி.டி.யாம்.

“படம் வருது, சத்தம் வரல. நேத்துலேர்ந்து இப்படித்தான்,” என்றார்.

அக்காவின் வாய் சும்மா இருக்குமா? “என் தம்பி இன்னாத்துக்குக் கீறான்? ஆவடி, அம்பத்தூர் பூரா அவன் சவுண்டுதான்!”

“அப்படியா? சரி பண்ணட்டும். அப்புறம் மேற்கொண்டு பேசுவோம்.”

மைக் செட்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டுதான். ஒயரை ஆட்டுவது, வால்யூமைக் கூட்டுவது. இரண்டுக்கும் அந்தக் குட்டி ஸ்பீக்கர்கள் மூச்சு விடவில்லை. “ஸ்பீக்கர் செத்துப்போச்சுங்க,” என்று சொல்லிவிட்டு, பெண்ணைக்கூடப் பார்க்காமல் அண்ணனூருக்குச் சைக்கிளை மிதித்து, ஆம்ப்ளிஃபயரையும் குழாய் ஸ்பீக்கரையும் கட்டிக்கொண்டு வந்தேன்.

கம்ப்யூட்டர் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். யானை வாயே திறக்கவில்லை. கூட்டினேன். இல்லை. முழுக்கத் திருகினேன். அண்ணன் குனிந்து குழாய்க்குள் இடது காதை வைத்தார். “உம்முனு மட்டும் கேக்குது.”

அப்போதுதான் காபித் தட்டோடு மல்லிகா வந்தாள். திரையை உற்றுப் பார்த்தாள். “அண்ணா, கீழ ஸ்பீக்கர் படத்து மேல கோடு போட்டிருக்கே. சத்தத்தை அடைச்சு வெச்சிருக்கீங்க!” என்று சொல்லி, ஒரு கையால் மவுஸைத் தட்டினாள்.

“வேணாம்” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

யானை பிளிறியது.

ஜன்னல்கள் அதிர்ந்தன. காபி முழுக்க அக்காவின் பட்டுப்புடவையில். அண்ணன் காதைப் பொத்தியபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“இன்னா சார், சர்க்கஸ்லேர்ந்து பிச்சிக்கினு வந்துருச்சா?”

நான் பழக்கதோஷத்தில் ஒயரை ஆட்டினேன். யானை மறுபடியும் பிளிறியது. மல்லிகாதான் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள்.

“எந்திரிடா, ஊட்டுக்குப் போலாம்,” என்றாள் அக்கா, புடவையைப் பிழிந்தபடி.

“இதுக்குத்தான் அஞ்சாவது படிச்சவன் வேணாம்னேன்!” என்று அண்ணன் கத்தினார். தனக்கே கேட்காததால் இன்னும் சத்தமாகக் கத்தினார்.

“டிகிரி படிச்ச நீங்க நேத்துலேர்ந்து கண்டுபிடிச்சீங்களா?” என்றாள் மல்லிகா. “அவரு இந்த வெயில்ல இதையெல்லாம் தூக்கிக்கினு வந்தாரே! எனக்குச் சம்மதம்.”

நான் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கல்யாணத்துக்கு மைக் செட் வேறு ஆள். இன்றைக்கும் அவர் மனைவி கடைக்குப் போகச் சொன்னால், மனுஷன் இடது காதைத் தட்டிக் காட்டுவார்.

“கேக்கல. மாப்ளையோட யானை.”

12-6-2014, வியாழன்.