காலிக் கட்டத்தில் ஒரு நாலு

வெள்ளை மை இன்னும் காயவில்லை. அவர் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. பால் பொங்கும் சத்தம் கேட்டு மனைவி சமையலறைக்குப் போய் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் அவர் செய்தது ஒரே ஒரு காரியம்தான். மேசைமேல் அவள் விட்டுப்போன பேப்பரில், சுடோகுக் கட்டத்தின் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. சட்டைப்பையில் பேனா இருந்தது. நாலு என்று எழுதினார்.

இருபத்தெட்டு வருஷமாகக் குழாய், வால்வு மொத்த வியாபாரம். காலியாக ஒரு ரேக்கைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. எதையாவது கொண்டுவந்து அடுக்கினால்தான் மனசு ஆறும். எந்த சைஸ் என்பதெல்லாம் அப்புறம்.

எழுதிய பிறகுதான் அதே வரிசையில் ஏற்கெனவே ஒரு நாலு உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். பத்திரிகைக்காரர்களே அச்சடித்த நாலு. சரி, அழித்துவிட்டால் போயிற்று என்று இழுப்பறையிலிருந்து வெள்ளை மையை எடுத்துத் தடவினார். பிரஷ் பழசு, முடி விரிந்து கிடந்தது. அவருடைய நாலோடு அக்கம்பக்கத்து ஏழும் ஒன்றும் காணாமல் போயின. சீக்கிரம் காயட்டும் என்று ஊதினார். ஊதியதில் மை வழிந்து ஒரு ஒன்பதின் தலையில் ஏறியது.

மனைவி டீயோடு வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல, உனக்கு ஒரு உதவியா இருக்கட்டுமேன்னு..." என்று ஆரம்பித்தார்.

அவள் டீயை வைத்தாள். பென்சிலை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். அந்த மூடியோடு பேச்சும் மூடிக்கொண்டது.

நானூற்றுப் பன்னிரண்டு நாள். ஒரு நாள்கூட விடாமல் போட்டு முடித்து, கத்தரித்து, ஒரு நீளமான நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். அந்த நோட்டு மறுநாள் அலமாரியில் இல்லை. கோபத்தில் குப்பையில் போட்டுவிட்டாள் என்றே அவர் முடிவு கட்டினார்.

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் பைனல். 'இதுதாங்க பைனல்' என்று அழுத்திச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் மூன்று தடவை இறங்கி வருவார். அதனால் வந்த பெயர். பேரத்தில் எவ்வளவு முறைத்துக்கொண்டாலும் வாசல் படி இறங்குவதற்குள் வாடிக்கையாளரைத் திரும்பக் கூப்பிட்டுவிடலாம் என்பது அவர் அனுபவம். மனைவி விஷயத்திலும் அப்படித்தான் நினைத்தார். மறந்துபோன பிறந்தநாளுக்கு அரை நாள் மௌனம், சத்தம் போட்டதற்கு ஒரு நாள். இதற்கு அதிகபட்சம் ஒன்றரை நாள் இருக்கும் என்று மதிப்புப் போட்டார்.

ஐந்தாவது நாளும் பேச்சில்லை.

கஷ்டம் என்னவென்றால், மற்றவர்களுக்கெல்லாம் பேச்சு தாராளமாகக் கிடைத்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்கு, "மெதுவா வையுங்க, தரை கீறிடும்" என்று முழுதாக ஒரு வாக்கியம். மதில்மேல் வந்து நிற்கும் பூனைக்கு, "நேத்து எங்க போயிட்ட?" தங்கைக்கு போனில் முக்கால் மணி நேரம். அவர் கதவுக்குப் பின்னால் நின்று, வாஷிங் மெஷின் சுற்றும்போது நகர்ந்து நகர்ந்து குளியலறை வாசல்வரை வந்துவிடுகிற கதையை முழுதாகக் கேட்டார். முடிந்ததும், இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று இருந்தது.

இத்தனை வருஷமாக, "லைட்டை அணைச்சுட்டு வாங்க" என்று அவள் சொன்னபோதெல்லாம் அவர் காதில் வாங்கியதில்லை. இப்போது வேண்டுமென்றே குளியலறை லைட்டை எரியவிட்டு வந்து காத்திருந்தார். அவள் எழுந்து போய் அணைத்தாள். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடத்தில் துண்டு கொடியில் இருந்தது. ஒரு சொல் விழவில்லை.

கடைக்குப் போய் வீட்டுக்கு போன் போட்டார்.

"ஹலோ. ஹலோ, யாருங்க பேசறது?"

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். நாலு வார்த்தை. ஐந்து நாளில் கிடைத்த மொத்தச் சரக்கு. வைத்துவிட்டார். மறுநாள் திரும்பவும் போட்டார்.

"ஹலோ," என்றாள் அவள். இந்தத் தடவை யார் என்று கேட்கவில்லை. "அங்க குழாய்க் கடைக்காரர் ஒருத்தர் இருப்பாரு. சமையலறைக் குழாய் ஒழுகுது, வரும்போது ஒரு வாஷர் கொண்டு வரச் சொல்லுங்க." வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் இரண்டு டஜன் வாஷர் கொண்டுபோனார். அதைப் பற்றியும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்க் கடை பெயின்ட் கடை. அதன் முதலாளி மத்தியானங்களில் கல்லாவில் சாய்ந்தபடி சுடோகு போடுகிறவர்.

"என்ன பைனல், துருப்பிடிச்ச வால்வு மாதிரி இறுகிப் போயிருக்க?"

"வீட்ல பேச்சு இல்லப்பா. ஒம்பது நாளாச்சு."

"அப்படி என்ன பண்ணின?"

"நாலுன்னு எழுதினேன்."

பெயின்ட் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். விஷயத்தை முழுக்கக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பேனாவிலயா?"

"ஆமா."

"பாவம்யா."

"நானா?"

"அந்தம்மா."

பிறகு மனம் இரங்கி, பழைய பேப்பர் ஒன்றை விரித்தார். "இங்க பாரு. குறுக்கு வரிசையில ஒண்ணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் ஒவ்வொண்ணும் ஒரே தடவை. மேலேர்ந்து கீழயும் அப்படித்தான். இந்த மூணுக்கு மூணு சதுரத்துக்குள்ளயும் அப்படித்தான்."

"அதாவது ஒரே தெருவுல ரெண்டு குழாய்க் கடை கூடாது."

"குறுக்குத் தெருவுலயும் கூடாது. வட்டாரத்துக்குள்ளயே கூடாது."

"நல்ல சட்டமா இருக்கே. நம்ம கடைத்தெருவுக்கும் கொண்டு வரலாம்."

"கேளு. எடுத்தவுடனே காலியாக் கிடக்கற பக்கம் போகாத. அதிகமா நிரம்பின பக்கம் பாரு. எட்டு பேர் உக்காந்துட்டா ஒம்பதாவது ஆள் தானா வந்து உக்காருவான். அடுத்தது, ஏதாவது ஒரு நம்பரைப் புடிச்சுக்க. அஞ்சுன்னு வை. அஞ்சு இருக்கற தெருவையெல்லாம் மனசுல அடைச்சுடு. மிச்சம் எங்க இடம் இருக்கோ, அங்கதான் அடுத்த அஞ்சு."

"கொஞ்சம் அனுசரிச்சுப் போகாதா? ஏழு இல்லன்னா ஒரு எட்டு?"

"போகாது. இதுகிட்ட பேரம் பேச முடியாது பைனல். நிச்சயமாத் தெரிஞ்சாதான் எழுதணும்."

நிச்சயமாகத் தெரிந்தால்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டிருந்தால் அவர் வியாபாரமே செய்திருக்க முடியாது. இருந்தாலும் கேட்டுக்கொண்டார்.

வழக்கமாக ஆறு மணிக்கு நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு, பேப்பர் வருவதற்கு முன்னால் கடைக்குக் கிளம்பிவிடுகிறவர், மறுநாள் கிளம்பவில்லை. சாப்பாட்டு மேசையில், அவள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் உள்ளே ஏதோ வேலையாக இருந்தாள். ஏழு மணிக்கு வெளியே வந்து, அவரைப் பார்த்து ஒரு கணம் நின்று, பிறகு உட்கார்ந்து வாசல் பேப்பரை விரித்தாள்.

"அங்க ஏழு போடலாமே," என்றார்.

அவள் பென்சில் முனையால் அதே வரிசையின் ஓரத்தில் இருந்த ஏழைத் தொட்டுக் காட்டினாள்.

"சரி, எட்டு."

எட்டையும் தொட்டுக் காட்டினாள்.

"சரி விடு, உனக்காக ஆறு. இதுதான் பைனல்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபமா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. யோசிக்கும்போது பென்சிலின் பின்பக்கத்தால் காதோரத்தைச் சொறிவாள் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று யோசித்தார். கடையில் எந்தச் சரக்கு எந்த மாதம் வந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இது தெரியவில்லை.

அன்று கடை திறக்க ஒன்பதரை ஆயிற்று. இதற்கு முன்பு ஒரே ஒரு தடவைதான் அப்படி ஆகியிருக்கிறது, அம்மை போட்டபோது.

பெயின்ட் கடைக்காரர் அடுத்த பாடத்தைச் சொன்னார். "எந்த இடத்துல எதெல்லாம் வரலாமோ, அதையெல்லாம் ஓரத்துல பென்சில்ல பொடிசா எழுதி வை. ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வந்தா, கடைசில ஒண்ணு மிஞ்சும்."

பைனல் அந்தப் பாடத்தை அப்படியே வாங்கிக்கொண்டார். மறுநாள் பேப்பர் விழுந்த கையோடு எடுத்து, மனைவிக்கு வேலை மிச்சமாகட்டும் என்று ஐம்பத்து மூன்று காலிக் கட்டத்திலும் பொடி எழுத்தில் நிரப்பினார். எதையும் விலக்க மனம் வராமல், எல்லாக் கட்டத்திலும் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதிவிட்டார். ஏழு மணிக்கு அவள் வந்து பார்த்தபோது பேப்பர் முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. அவள் ரப்பரை எடுத்தாள். எட்டரை மணிவரை அழித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தூளை ஊதித் தள்ளினார். அதற்குள் பேப்பரில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்தது.

இப்படிச் சில்லறையாகப் போய்க்கொண்டிருந்தால் ஆகாது, மொத்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. இருநூறு சுடோகு கொண்ட ஒரு தடித்த புத்தகம் வாங்கினார். வெறும் புத்தகமாகக் கொடுப்பது மரியாதையில்லை. பின்பக்கத்தில் விடைகள் இருந்தன. கடைப் பணியாளர்கள் மூன்று பேரை உட்காரவைத்து இரண்டே நாளில் இருநூறையும் நிரப்பச் சொன்னார். நாடா கட்டி அவள் முன்னால் வைத்தார்.

"எல்லாம் போட்டாச்சு. உனக்கு ஒரு சிரமமும் கிடையாது. ஒண்ணுகூட தப்பில்ல, நானே சரி பார்த்தேன்."

அவள் ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம். நடுவில் ஒரு பக்கம். பிறகு அவரை நிமிர்ந்து, நேராக முகத்தைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கப்புறம் முதல் தடவை. வாய் லேசாகத் திறந்தது. அவருக்கு, திட்டினாலும் பரவாயில்லை, முட்டாள் என்றாவது சொல்லட்டும் என்று இருந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வரவில்லை. அழுகிறாளோ என்று பயந்து, அவர் அன்று ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்தார்.

அதற்கப்புறம்தான் நிஜமாகவே கற்றுக்கொண்டார். மத்தியானங்களில் வாடிக்கையாளர்களைக் காக்கவைத்துவிட்டுப் பழைய பேப்பர்களில் போட்டுப் பழகினார். குழாய் வளைவுக்கு முக்கால் இஞ்ச் எல்போ கேட்டு வந்தவர், "இந்த வரிசையில ரெண்டு எங்கங்க வரும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் எல்போ வாங்க முடிந்தது. நிரம்பின பக்கத்தில் ஆரம்பித்தார். ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக அடைத்தார். நிச்சயம் இல்லாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒரு மாதம் முடியும் சமயம், ஒரு நாள் காலையில் ஆறரைக்கு வாசல் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஏழடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி எட்டை எழுதினார். பென்சிலில். எல்லாம் சரி. மூன்று தடவை பார்த்தார், சரியாகத்தான் இருந்தது.

மனைவி வந்தாள். வழக்கம்போல நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, பேப்பரைப் பார்த்தாள்.

ஓர் இடம்கூட காலி இல்லை.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கட்டம் கட்டமாகப் பார்த்தாள். தவறு இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். பென்சில் கொஞ்ச நேரம் பேப்பருக்கு மேலேயே நின்றது. பிறகு அதை டப்பாவில் போட்டாள். அவர் டீயை அவர் பக்கமாக நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. உட்கார ஒரு காரணமும் மிச்சமில்லை. ஏழு பத்துக்கெல்லாம் அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். பக்கத்தில் உட்கார ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு சீக்கிரம் கிளம்பியதே இல்லை. தெருமுனை திரும்பும்போது, ஜன்னலில் அவள் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். நின்றாள். அவர் பார்த்ததும் திரை விழுந்தது.

அன்று முழுக்க யாரிடமும் பேரம் பேசவில்லை. கேட்ட விலைக்குக் கொடுத்தார். பெயின்ட் கடைக்காரர் பதறிப்போய் வந்தார்.

"என்னய்யா, கடையை மூடப் போறியா?"

"எல்லாக் கட்டத்தையும் சரியாப் போட்டேன். முன்னைக்கு இப்ப மோசமாயிடுச்சு."

"பின்ன, அது அவங்க பேப்பராச்சே. போட்டு முடிச்சுட்டா அவங்க எதைப் போடுவாங்க? உனக்குன்னு ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதான."

இவ்வளவு எளிதான யோசனை இத்தனை நாளாகத் தோன்றாமல் போயிற்றே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளுடையது அவளுக்கு, சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல். தன்னுடையது தனக்கு. ஆனால் பக்கத்து நாற்காலி மட்டும் அப்படியே. அவள் முடித்தபிறகு, 'எங்க மாட்டிக்கிட்டீங்க?' என்று என்றைக்காவது ஒரு நாள் வாய்தவறிக் கேட்டுவிடமாட்டாளா.

மறுநாள் காலையில் ஆறு இருபதுக்கே வாசலில் போய் நின்றார். பேப்பர் போடுகிற அம்மா ஸ்கூட்டரில் வந்து நின்றாள். முன்னாலும் பின்னாலும் பேப்பர்க் கட்டு. அவளை இவர் நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"எனக்குன்னு தனியா ஒரு பேப்பர் வேணும்மா," என்றார். "நாளையிலேர்ந்து ரெண்டாப் போடுங்க."

அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு மாசமா ரெண்டுதான சார் போடறேன், அம்மா அவங்களோடதைப் பின்கதவுல அஞ்சரைக்கே வாங்கிக்கறாங்க, வாசல்ல விழறது நீங்க பக்கத்துல உக்காந்து கெடுக்கறதுக்காம்."