தொடாதே என்று எழுதிய ஆணி

ஆணி கையோடு வந்துவிட்டது.

கிளைவ் டாட்மேன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மர ஆணி. தூணும் தாழ்வான உத்தரமும் சேருகிற இடத்தில், அது இருந்த ஓட்டை கறுப்பாகத் தெரிந்தது. ஓட்டைக்குக் கீழே ஒரு சின்ன அட்டை தொங்கியது: "தயவுசெய்து இந்த ஆணியைத் தொடாதீர்கள்." குண்டு குண்டான, பெரிய, அக்கறையான எழுத்து.

வெல்டன்பரி ஊரின் கம்பளி வணிகர் மண்டபம் முழுக்க முழுக்க ஓக் மரச்சட்டங்களால் ஆனது. சட்டங்களுக்கு நடுவே மண் அப்பிச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். எத்தனையோ ராஜாக்கள் வந்து போன பிறகும் தெருப்பக்கம் சாய்ந்தபடியே நிற்கிறது. அதைப் பூட்டி வைத்திருப்பது இந்த மாதிரி மர ஆணிகள்தான். மண்டபம் நெடுக அத்தனை ஆணிகள் இருக்க, ஒன்றை மட்டும் தொடாதே என்று எழுதி வைத்தால் என்ன அர்த்தம்? அதில் ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். கிளைவுக்கு வேறு விதமாக யோசிக்க வராது. காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒழுகும் கூரைக்கு அடியில் குடை பிடித்து நின்றுகொண்டே, கூரை ஒழுகவில்லை என்று எழுதிக் கொடுத்த மனிதர்.

அவர் ஆணியைப் பிடுங்க நினைக்கவே இல்லை. லேசாகத் தட்டிப் பார்த்தார், கொஞ்சம் திருகிப் பார்த்தார், அவ்வளவுதான்.

இதில் சங்கடம் என்னவென்றால், இன்னும் சற்று நேரத்தில் இதே மண்டபத்தில் அவருடைய ஒரே மகள் பிப்பாவுக்குக் கல்யாணம்.

"ஏதாவது வேணுமா சார்?"

மூலையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த மிஸ் ஹெப்பிள் கேட்டாள். மண்டபத்தைச் சம்பளம் இல்லாமல் கவனித்துக்கொள்கிறவர்களில் ஒருத்தி. கிளைவ் ஆணியைச் சட்டென்று உள்ளங்கையில் மறைத்தார்.

"ஒண்ணுமில்ல. சும்மா பாக்கறேன்."

"பாருங்க, பாருங்க. பாக்கத்தானே வச்சிருக்கு."

அவள் கண் ஊசியில்தான் இருந்தது. ஆனால் இமைக்கவில்லை. பின்னுகிற பெண்கள் இமைக்காமல் இருந்தால் பின்னவில்லை, வேவு பார்க்கிறார்கள் என்பது கிளைவின் கருத்து.

அவருக்கு இன்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருந்தது. மாப்பிள்ளை ஜாஸ்பரை அவருக்குப் பிடிக்கவில்லை. மஞ்சள் சாக்ஸ் போடுகிறவன். கோப்பையில் பாலை முதலில் ஊற்றிவிட்டு அப்புறம் டீயை ஊற்றுகிறவன். எதற்கெடுத்தாலும் சிரிப்பு. தொழில், ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்வது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில், வறுத்த மாட்டிறைச்சியை வெட்டிக்கொண்டே அவன் சொன்னான்:

"என் கிளாஸ்ல ஒரு பையன் மாமா, ஒரு நிமிஷம் உக்காரமாட்டான். 'இந்தக் கதவ நீ பிடிச்சிக்கலைன்னா காத்துல பிச்சிக்கிட்டுப் போயிடும்டா'ன்னு சொன்னேன். மத்தியானம் வரைக்கும் அப்படியே பிடிச்சிக்கிட்டு நின்னான், பாவம்!"

எல்லோரும் சிரித்தார்கள். பச்சைக் குழந்தையை ஏமாற்றுகிறவன் பெரியவர்களை விடுவானா என்று கிளைவ் மட்டும் யோசித்தார். அன்றைக்கே மேஜையில் எல்லோர் முன்னாலும் அறிவித்தார்: "கல்யாணத்துல பதிவாளர் ஒரு கேள்வி கேப்பாங்க இல்ல, யாருக்காவது ஆட்சேபணை இருக்கான்னு? அதை யாரும் மதிக்கிறதே இல்ல. நான் மதிக்கிறேன்."

நேற்று அதற்குச் சரியான காரணமும் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்ன ஜாஸ்பரை, கடைத்தெருவில் கிளைவ் கண்ணால் பார்த்தார். பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண்ணின் கையில் சின்னப் பொட்டலம் ஒன்றைத் திணித்து, காதில் ஏதோ கிசுகிசுத்தான். அவள் முதுகுதான் தெரிந்தது. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ, மிரட்டுகிறானோ, கடவுளுக்கே வெளிச்சம். கிளைவ் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குக் கேள்வி வரும்போது எழுந்து நின்று, அந்தப் பச்சைக் கோட்டுக்காரி யார் என்று கேட்கப்போகிறார். மகள் வாழ்க்கை ஆயிற்றே.

அதற்கு முதலில் மண்டபம் நிற்க வேண்டும்.

ஆணியை மறுபடி ஓட்டையில் செருகினார். அது நின்றது. அப்பாடா என்று கையை எடுத்தார். அது விழுந்தது. அதே நொடியில் உத்தரம் நீளமாக ஒரு முனகல் முனகியது.

கிளைவுக்கு வியர்த்துவிட்டது. விருந்தாளிகள் வேறு படியேறி வரத் தொடங்கியிருந்தார்கள். மெதுவாக மிஸ் ஹெப்பிள் பக்கம் போனார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இந்த மாதிரி மர ஆணி ஒண்ணு கழண்டுட்டா என்ன ஆகும்?"

"எந்த ஆணிங்கறதப் பொறுத்தது சார்."

"சும்மா உதாரணத்துக்கு... அதோ, அந்தத் தூண்ல இருக்கே, அது."

"ஐயையோ, அதுவா!" என்றாள் மிஸ் ஹெப்பிள். பிறகு தலையைக் குனிந்து ஸ்வெட்டரைத் தொடர்ந்தாள்.

கிளைவ் கிட்டத்தட்ட ஓடிவந்தார். இடது கால் ஷூவைக் கழற்றி, அதன் குதிகாலால் ஆணியை ஓங்கி ஒரு அடி அடித்தார். ஆணி நடுவில் முறிந்து இரண்டு துண்டானது. பாதி ஓட்டைக்குள்ளும் போகவில்லை, பாதி கையிலும் நிற்கவில்லை. இரண்டையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து அறையில் சாப்பாட்டு மேஜை போட்டிருந்தது. பழக் கேக், சாஸேஜ் ரோல், வெட்டின காய்கறித் தட்டு. அங்கே கிளைவின் கண்ணில் ஒரு கேரட் பட்டது. அந்த அளவு, அந்த நீளம், நுனியில் கூர்மை. கடவுள் இருக்கிறார் என்று முதல்முறையாகத் தோன்றியது. சத்தமில்லாமல் எடுத்துவந்து ஓட்டையில் அழுத்தினார். கச்சிதமாகப் பொருந்தியது. நிறம்தான் கொஞ்சம் எடுப்பாக இருந்தது. அட்டையைத் தூக்கி அதன்மேல் சாய்த்து மறைத்தார்.

யாரோ தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பினார். மிஸ் ஹெப்பிள் அல்ல. மோதிரம் கொண்டுவருவதற்காகக் கழுத்தில் ரிப்பன் கட்டி அழைத்து வந்திருந்த ஜாஸ்பரின் ஸ்பானியல் நாய். பெயர் பிஸ்கட். அது தூணுக்கு எதிரே உட்கார்ந்து, அட்டையையே பக்தியோடு பார்த்தது.

"போ," என்றார் கிளைவ் பல்லைக் கடித்துக்கொண்டு. "போடா அந்தப் பக்கம்."

பிஸ்கட் போகவில்லை. பக்கத்து நாற்காலியில் ஏறி, பின்னங்கால்களில் எழுந்து தூணில் சாய்ந்து, அட்டையை மூக்கால் தள்ளி, கேரட்டை உருவிக் கடக் கடக்கென்று தின்றுவிட்டது. உத்தரம் இன்னொரு முறை முனகியது. கொஞ்சம் பழைய சுண்ணாம்புத் தூள் கிளைவின் வழுக்கையில் விழுந்தது.

இனி யோசிக்க நேரமில்லை. அவர் தூணை ஒட்டிக் குனிந்து, உத்தரத்துக்குத் தோள் கொடுத்து நின்றார்.

"கிளைவ்!" மனைவி மேவிஸ் தொப்பியைப் பிடித்தபடி வந்தாள். "இங்க என்ன பண்ற? ஷூ எங்க?"

"ஷூவ விடு. ஆளுங்கள மெதுவா நடக்கச் சொல்லு."

"குடிச்சிருக்கியா?"

"மேவிஸ், நான் இங்கேர்ந்து நகர்ந்தா பெரிய ஆபத்து. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்."

"நீ நகராம இருந்தாத்தான் ஆபத்து. பொண்ணு வாசல்ல நிக்கறா. கையப் பிடிச்சிக் கூட்டிட்டு வர அப்பாவக் காணோம்னு எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க."

அதற்குள் பிப்பாவே வந்துவிட்டாள். வெள்ளை உடை. கையில் பூங்கொத்து. அவள் தன் அப்பாவை மேலிருந்து கீழே பார்த்தாள். தலையில் சுண்ணாம்பு, ஒரு காலில் சாக்ஸ்.

"வரமாட்டீங்களாப்பா?"

"வரணும்னுதான் ஆசை கண்ணு. ஆனா இந்தத் தூண்..."

"தூண் இல்லப்பா. ஜாஸ்பர். இன்னிக்கும் அவர் மேல சந்தேகம், அதான்." அவள் பூங்கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "சின்ன வயசுல பல் விழுந்தப்ப, தலகாணி அடியில தேவதை காசு வைக்கும்னு அம்மா சொன்னா, நீங்க ஜன்னல் பூட்டியிருக்கே எப்படி வந்ததுன்னு கேட்டீங்க. அப்பவும் நான் சிரிச்சேன். இன்னிக்கு முடியலப்பா. நான் தனியாவே நடந்து போயிக்கறேன்."

இந்த மண்டபம் விழுந்தால் எல்லோருக்கும் நஷ்டம். இவள் இப்படியே திரும்பிப் போனால் அவருக்கு மட்டும் நஷ்டம், ஆனால் அது ஈடு கட்ட முடியாதது. தொழில் முறையில் அவருக்கு அது உடனே விளங்கிவிட்டது.

"மேவிஸ், இங்க வா. இதுல முதுகு குடுத்து நில்லு. ஏன்னு கேக்காத."

"என் தொப்பி!"

"தொப்பி போனா வாங்கிக்கலாம். நில்லு!"

மேவிஸ் நின்றாள். கிளைவ் மகளின் கையைப் பிடித்து, ஒற்றை ஷூவோடு, கல்யாண நடையா ரயிலைப் பிடிக்கிற நடையா என்று தெரியாத வேகத்தில் அவளை ஜாஸ்பர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மண்டபத்தின் தரை ஒரு பக்கம் சரிவு என்பதால் போவது சுலபமாக இருந்தது. திரும்பி வருவதுதான் மேடு. மூச்சிரைக்க வந்து மேவிஸை விலக்கிவிட்டு மறுபடி தோள் கொடுத்தார்.

"பாவம், வயசாச்சு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பதிவாளர் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"இந்தத் திருமணத்துக்குச் சட்டப்படி தடை ஏதாவது இருக்கறதா இங்க யாருக்காவது தெரிஞ்சா, இப்ப சொல்லலாம்."

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கிளைவைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. பழைய பலகைத் தரை அதிர்ந்தது. உத்தரம் இதுவரை இல்லாத அளவுக்கு முனகியது.

கிளைவ் வாயைத் திறந்தார்.

பச்சைக் கோட்டு என்று அவர் சொன்னால் என்ன ஆகும்? எல்லோரும் எழுந்திருப்பார்கள். கத்துவார்கள். மாப்பிள்ளை வீட்டார் காலால் தரையை உதைப்பார்கள். அவ்வளவு ஆட்டத்தை இந்தக் கட்டடம் தாங்குமா? இதே கூரைக்கு நேர் கீழே பிப்பா நிற்கிறாள்.

ஒரு பொட்டுச் சுண்ணாம்பு அவர் நாக்கில் விழுந்தது. கிளைவ் வாயை மூடிக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் உத்தரத்தைத் தாங்கினார்.

"நல்லது," என்றாள் பதிவாளர். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்துவிட்டது.

எல்லோரும் கைதட்டிக்கொண்டு கேக் பக்கம் போனார்கள். பிப்பா மட்டும் ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலையேப்பா! எனக்காகச் சொல்லாம இருந்தீங்க இல்ல? எனக்குத் தெரியும். எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கினீங்க, பாத்தேனே!"

மகள் தன்னை இப்படிக் கட்டிக்கொண்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்றுதான் கிளைவுக்கு நினைப்பு ஓடியது. அதற்காக இன்னும் ஒரு மண்டபத்தைக்கூடத் தாங்கலாம் என்றிருந்தது. தூரத்தில் ஜாஸ்பர் கோப்பையில் பாலை முதலில் ஊற்றிக்கொண்டிருந்தான். ஊற்றட்டும் என்று விட்டுவிட்டார்.

கடைசி ஆளும் கீழே இறங்கின பிறகு, கிளைவ் ஒரு அடி நகர்ந்தார். ஒன்றும் விழவில்லை. இன்னொரு அடி நகர்ந்தார். ஒரு தூசிகூட விழவில்லை. சந்தேகத்தோடு உத்தரத்தைப் பார்த்தார். பிறகு நேராக மிஸ் ஹெப்பிளிடம் போய், பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து நீட்டினார்.

"நான்தான். இதைப் பிடுங்கினது நான்தான். மாப்பிள்ளை வீட்டு நாய்க்கும் இதுல பங்கு உண்டு, அது வேற விஷயம். எவ்வளவு நஷ்டமோ நானே கட்டிடறேன். ஆனா முதல்ல ஒரு தச்சனக் கூப்பிடுங்க, இந்தத் தூணு..."

"அந்தத் தூணு எதையுமே தாங்கல சார். சும்மா அழகுக்கு, பின்னாடி யாரோ நட்டது." மிஸ் ஹெப்பிள் ஊசிகளைப் பையில் வைத்தாள். "கூட்டம் வந்தா பழைய மரம் முனகும். அதுக்கு வயசாச்சு, அவ்வளவுதான்."

"அப்ப இந்த ஆணி?"

"துடைப்பக் கட்டைத் துண்டு."

கிளைவ் துண்டுகளை உற்றுப் பார்த்தார். அட்டையில் இருந்த குண்டு குண்டான எழுத்தையும் பார்த்தார். மிஸ் ஹெப்பிள் எழுந்து, நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கோட்டு பச்சை நிறம். அதைப் பார்த்த கிளைவின் வாய் பிளந்தது.

"உங்க மாப்பிள்ளைதான் செதுக்கி, அட்டையும் எழுதி, நேத்து கொண்டாந்து குடுத்தாரு சார்," என்றாள் அவள், தோள் குலுங்க. "'சும்மா உக்கார முடியாத பிள்ளைக்கு முக்கியமான வேலை ஒண்ணக் குடுத்துட்டா, கேள்வி கேக்கறப்ப கையத் தூக்காது'ன்னு சொன்னாரு."