அடிபட்ட போன்

சகலை புதிதாக ஒரு பொருள் வாங்கிவிட்டால், அதில் ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் மூத்த மாப்பிள்ளைக்குச் சோறு இறங்காது. இதை எந்த மூத்த மாப்பிள்ளையும் வெளியே சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன். கட்டிக்காக்க எனக்குத்தான் மானம் எதுவும் மிச்சமில்லையே.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவது என் தொழில். அதோடு ஒரு கௌரவ உத்தியோகமும் உண்டு. பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வண்டி எங்காவது கவிழ்ந்து எழுந்ததா, அடிச்சட்டமான சேஸை வெட்டி ஒட்டியிருக்கிறார்களா, அடிபட்ட இடத்தில் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வேன். என் சாவிக்கொத்தில் ஒரு சின்னக் காந்தம் தொங்கும். தகரமாக இருந்தால் டக்கென்று ஒட்டும். பட்டி பூசிய இடமென்றால் நழுவும். அவ்வளவுதான் வித்தை. (அதைச் செய்யும்போது நான் முகத்தை வைத்துக்கொள்கிற விதத்தைப் பார்த்தால், ஏதோ இருதய ஆபரேஷன் நடக்கிறது என்று நினைப்பீர்கள்.)

அந்த முகத்தை வைத்தே வெண்ணந்தூரில் மாமனார் வீட்டில் ஒரு பதவியைப் பிடித்திருந்தேன். அங்கே மிக்ஸி வந்தாலும் சரி, மாடு வந்தாலும் சரி, "பெரிய மாப்ள பாத்துப்போட்டாருங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. நான் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, "ம்... இருக்கட்டும்" என்று சொன்ன பிறகுதான் அது அந்த வீட்டுப் பொருள். (மாட்டுக்கு மட்டும் காந்தம் வைக்கவில்லை.) பதவிக்குச் சம்பளமும் உண்டு. கறிச்சோறு ஆக்கும் நாளில் நல்லி எலும்பு என் இலைக்குத்தான் வரும்.

என் சகலை பிரபு திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போடுகிறவன். அதிர்ந்து பேசமாட்டான், வாய்நிறைய "அண்ணா, அண்ணா" என்பான். ஒரு குறையும் சொல்ல முடியாத பையன். அவனிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் கறிச்சோறு. பிரபு வந்தான், உட்கார்ந்தான், சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசைமேல் வைத்தான். உலகத்திலேயே உசத்தியான போனாம். முதுகில் பனி படிந்த மாதிரி மங்கலான கண்ணாடி. ஓரமெல்லாம் தீட்டி வழவழவென்று ஆக்கின உலோகம். மூலையில் மூன்று கேமரா, மூன்றும் என்னையே பார்த்து 'உன் போன் எங்கே?' என்று கேட்கிற மாதிரி இருந்தது.

என் போன் பையை விட்டு வெளியே வருவதாக இல்லை. வாங்கிய அன்றைக்கே அதற்குத் தடியான கறுப்பு உறை ஒன்றை மாட்டினேன். அதற்கப்புறம் அதன் உடம்பை யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட.

மாமனார் பிரபுவின் போனைக் கையில் வாங்கி, திரைப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க சின்ன மாப்ள, இதுல மொகம் பாத்துச் சவரமே பண்ணிக்கலாமாட்ட இருக்குதுங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அத்தை நல்லி எலும்பைக் கொண்டுவந்து பிரபுவின் இலையில் வைத்தார்கள்.

எனக்குப் புகைந்தது. பொறாமை என்றால் வயிறு எரியும் என்பார்கள். எனக்கு விரல்நுனி எரிந்தது. உடனே எதையாவது தட்டிப் பார்க்க வேண்டும்.

"கொண்டா பாப்போம்" என்றேன்.

கையைக் கழுவித் துடைத்துவிட்டு, போனை வெளிச்சத்தில் பிடித்தேன். வீடே என் முகத்தைப் பார்த்தது. எடை பார்த்தேன். முதுகைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டேன். மேசையில் படுக்க வைத்து ஒரு மூலையை அமுக்கினேன். கேமரா புடைப்பினால் லேசாக ஆடியது. "வீல் அலைன்மெண்ட் சரியில்ல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அது நகைச்சுவை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

பிறகுதான் பார்த்தேன். உலோக ஓரத்தில், மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் என்று அங்கங்கே மெல்லிய கோடுகள். நகத்தால் வருடினேன். கோட்டுக்குள் இருந்தது உலோகமில்லை. வேறு ஏதோ வைத்து அடைத்து, நிறம் கொடுத்து, தேய்த்திருந்தார்கள்.

என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

"பிரபு," என்றேன், துக்க வீட்டுக் குரலில். "பெட்டியப் பிரிச்சது யாரு?"

"கடைக்காரங்கதானுங்ணா. ஏனுங்ணா?"

"சேஸை வெட்டி ஒட்டிருக்கறான். அடிபட்ட போனப்பா இது."

சாவிக்கொத்தை எடுத்தேன். ஓரத்தில் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. சுற்றி எங்கே வைத்தும் ஒட்டவில்லை. முதுகுக் கண்ணாடியில் வைத்தேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது! இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு இல்லை, கண்ணாடியில் இரும்பு இருக்கிறது. "ஓரம் பூராவுமே பட்டி" என்று தீர்ப்பு எழுதினேன்.

அத்தைக்கு ஒரு சந்தேகம். "எவர்சில்வர் கொடம் வாங்கறப்ப, காந்தம் ஒட்டாததுதான் நல்லதுன்னீங்களே மாப்ள?"

"கொடம் வேறங்க அத்த. போன் வேற."

பிரபுவின் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு வருசமா ஆசப்பட்டு வாங்குனதுங்ணா" என்றான். அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் இலையில் தொடாமல் கிடந்த நல்லியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரிங்க எல்லாரும். எங்க ஊட்டு மாப்ளைய ஏமாத்திப்போட்டு அவன் கடை நடத்தீருவானா?"

காரில் ஆறு பேர் அடைந்துகொண்டு சேலம் போனோம். வழியெல்லாம் நான் முன்சீட்டில், ஒரு நீதிபதியைப் போல.

கடையில் மாமனார் போட்ட சத்தத்தில், சார்ஜர் வாங்க வந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். கல்லாவில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், சுத்திலும் உலோகமாவே இருந்தா சிக்னல் தடைபடும். அதுக்காக இடையில பிளாஸ்டிக் வெச்சிருக்காங்க. ஓரம் டைட்டானியம், அதுல காந்தம் ஒட்டாது. முதுகுக்குள்ள இருக்கறது சார்ஜர் ஒட்டறதுக்கான காந்தம்."

"கதை விடாதீங்க," என்றேன். "இருபது டன் வண்டியவே தடவிச் சொல்றவன் நான்."

"உலோக ஓரம் வெச்ச எல்லா போன்லயும் அந்தக் கோடு இருக்குங்க சார்."

"என் போனும் உலோகந்தான். அதுல இல்லீங்களே!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

நெஞ்சை நிமிர்த்தியதுதான் தப்பு. சட்டைப் பையிலிருந்த போன் கொஞ்சம் மேலே எட்டிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற என் மனைவி கோமதி அதை உருவி எடுத்தாள். கறுப்பு உறையை நகத்தால் நெம்பினாள். அது வர மறுத்து, பிறகு பச்சக்கென்று கழன்றது. உள்ளிருந்து மடித்த விபூதிப் பொட்டலம் ஒன்றும், ஒரு பழைய பஸ் டிக்கெட்டும், எங்கள் பட்டறையின் மரத்தூள் கொஞ்சமும் கல்லாமேல் கொட்டின. புடவைத் தலைப்பால் போனைத் துடைத்தாள். ஓரத்தைப் பார்த்தாள். மேலே கோடு. கீழே கோடு.

என் சாவிக்கொத்தையும் அவளே வாங்கி, காந்தத்தை வைத்துப் பார்த்தாள். நழுவியது.

"ஏனுங்க," என்றாள், கடையே கேட்கும்படி. "உங்களுதும் அடிபட்ட வண்டிதானுங்களா?"

முதலில் சிரித்தது மாமனார். அவர் சிரித்ததும் கடை மொத்தமும் சிரித்தது. பிரபு மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்ணா, எனக்காகத்தானே பாத்தீங்க" என்று என் தோளில் கை வைத்தான். அவன் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திரும்பி வரும்போது முன்சீட்டில் பிரபு உட்கார்ந்திருந்தான். யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது.

போன வருடம் அவன் இன்னும் புதிதாக ஒன்று வாங்கினான். பழையதைத் துடைத்து, பெட்டியில் வைத்து, என்னிடம் கொடுத்தான். "அடிபட்ட வண்டிதானுங்ணா. நீங்க ஓட்டுங்க." இந்தக் கதையை அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். அருமையான போன். (அவனுடைய புதுப் போனின் ஓரத்தை ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவன் கை கழுவப் போன நேரத்தில் தடவிப் பார்த்தேன். குறையே இல்லை. அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.)

என் பதவி போனது போனதுதான். ஆனால் அத்தை இரக்கமுள்ளவர்கள். கறிச்சோறு ஆக்கும் நாளில் இப்போது நல்லியை இரண்டாகப் பங்கு வைக்கிறார்கள். முதலில் பிரபு இலைக்கு. அப்புறம் என் இலைக்கு வந்து குனிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தைதான்:

"காந்தம் வெச்சுப் பாத்துப்போட்டுச் சாப்புடுங்க மாப்ள."